அணைக்கட்டு ரோட்டுக்கு நாலு டயர்

அன்பு மகளுக்கு,

ஆசிகளுடன் அப்பா எழுதுவது. இங்கே அம்மாவின் முழங்கால் நீங்கலாக அனைவரும் நலம். உன் நலமும், நீ வேலை பார்க்கும் அணைக்கட்டின் நலமும் அறிய ஆவல். போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி நீ கேட்பதில்லை, அதனால் கடிதம்.

நிற்க. "ரோடு மோசம்மா, வராதீங்க" என்று இரண்டு வருடமாக நீ அம்மாவிடம் சொல்லிவருவதற்கு ஒரு முடிவு கட்டிவிட்டேன். உன் சித்தப்பாவின் எஸ்.யூ.வி.யைக் கேட்டு வாங்கி, காட்டுப்பாதை டயர் மாட்ட நேற்று கடைக்குப் போனேன். கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே "எந்த மாதிரி ரோடு சார்?" என்றார். முப்பத்தோரு வருடம் ரயிலில் கார்டாக இருந்தவனிடம் கேட்கிற கேள்வியா? ஆனாலும் விடுவேனா, நீ அம்மாவிடம் சொன்னதையெல்லாம் தேதி போட்டுக் குறித்துவைத்த டைரியை எடுத்து வாசித்தேன். ஜூனில் முட்டளவு சேறு, செப்டம்பரில் கூரான கல், ஜனவரியில் மணல். மனுஷன் சேற்றுக்கு ஒன்று, கல்லுக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று என்று உருட்டிவந்து நிறுத்திவிட்டு, "இதெல்லாம் ஒரே ரோடுதானா சார்?"னு கேட்டார். முன்னாடி ரெண்டு சேத்துக்கு, பின்னாடி ரெண்டு கல்லுக்குப் போடுங்கன்னேன். தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்துட்டார். கடைசில நாலும் சேத்து டயர்தான். வண்டி நாலு விரக்கடை உசந்துபோச்சு, உங்கம்மா ஏறணும்னா முக்காலி போடணும். தார் ரோட்டுல அது போடுற சத்தத்துல அவ பேசுறதே எனக்குக் கேக்கல, அந்த ஒரு சௌகரியம். ரெண்டு பை கட்டி வாசல்ல வச்சுட்டு, காலையிலேருந்து முக்காலியில ஏறி இறங்கிப் பழகிட்டிருக்கா. உன் முகத்தைப் பாத்து ரெண்டு வருஷம் ஆச்சும்மா.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலை புறப்படுகிறோம். உடம்பைப் பார்த்துக்கொள். உன்னோடு வேலை பார்ப்பவர்களையும் விசாரித்ததாகச் சொல்.

அப்பா

பி.கு.: தபால் பெட்டிக்குப் போகிற வழியில் டயர் கடைக்காரர் கூப்பிட்டார். உங்கள் அணைக்கு சிமென்ட் ஏற்றிவரும் லாரி டிரைவர் அங்கே இருந்தார். அந்த ரோட்டுக்குத் தார் போட்டு மூணு வருஷமாம். "டம்ளர்ல தண்ணி வச்சா சிந்தாது சார்"ங்கிறார். அம்மாகிட்ட நான் சொல்லல. டயரையும் மாத்தல. யார் யார் பிள்ளைங்களுக்கோ பச்சைக் கொடி காட்டி அனுப்பினவன், நீ வேலைக்குக் கிளம்பின அன்னிக்கு ஸ்டேஷனுக்குக்கூட வரல. வரவேண்டாம்னா போன் பண்ணி என்னைத் திட்டு, பாவம் அந்த ரோட்டை விட்டுடு. போன் வரலைன்னா அதையே பச்சைக் கொடின்னு எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவோம்.