முதலில் போவது யார்

ஆம்பூர்

அன்புள்ள மாப்பிள்ளை ஹேமந்த் அவர்களுக்கு, மாமனார் சம்பத் எழுதுவது. இங்கு இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். என்னைப் பொறுத்தவரை அப்படி எழுதலாமா என்று நேற்றிலிருந்து சந்தேகம். போனில் சொன்னால் உங்கள் அத்தை கண்ணம்மாள் காதில் விழும், ஆகவே கடிதம்.

நேற்று என் பழைய தோல் கம்பெனியில், ஓய்வு பெற்றவர்களுக்கு மருத்துவ முகாம். நான் நாற்பத்தேழு கிலோ, கண்ணம்மாள் எண்பத்திரண்டு. முப்பது வருடம் தோலை ரகம் பிரித்தவன் நான். ஒட்டிய, கெட்டியான தோல் முதல் ரகம், தொளதொளத்தது கடைசி ரகம். அதே கண்ணால் எங்கள் இருவரையும் பார்த்து, அவள்தான் முன்னால் போவாள் என்று முடிவு கட்டியிருந்தேன். சொல்ல நா கூசுகிறது, தனியாகிவிட்டால் பட்டினி கிடக்கக் கூடாதே என்று இரண்டு வருடமாகச் சமையல் பழகி வருகிறேன். சாம்பார், ரசம் கைவந்துவிட்டது. எண்ணெய்க் கத்திரிக்காயில் நிற்கிறேன்.

டாக்டர் பூர்ணிமா, நம் பெண் எழிலரசி வயதுதான் இருக்கும், "ஐயா, பீடி உண்டா?" என்றார். முப்பத்தைந்து வருடம் தினம் ஒரு கட்டு, விட்டு ஆறு வருடம் ஆகிறது என்றேன், பெருமையாகவே. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா எடையக் கம்மி பண்ணணும், சுகர் பார்க்கணும். ஆனா அவங்க புகைச்சதே இல்ல. ரெண்டு பேர்ல உங்களப் பத்திதான் எனக்குக் கவலை ஜாஸ்தி. விட்டது நல்லது, ரிஸ்க் குறைஞ்சிக்கிட்டே வரும், ஒரேயடியா போய்டாது. இது ஆரோக்கியமான ஒல்லியா, பீடி தின்ன ஒல்லியான்னு பார்க்கணும்." அப்படியானால் தினம் பிரியாணி சாப்பிட்டு எடை ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டுவிட்டேன். பின்னால் நின்ற அஹமது பாஷா, என்னோடு வேலை பார்த்தவர், "இன்னா சம்பத் சாப், பிரியாணி உள்ள போனா பீடி வெளிய வந்துடுமா?" என்றார். வரிசையே சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. சதை போட்டால் பழைய புகை அழியாது, வியாழக்கிழமை நுரையீரல் ஸ்கேனுக்கு வாருங்கள் என்றார்.

மாப்பிள்ளை, எனக்குச் சமைக்கத் தெரியும். அவளுக்கு ஏடிஎம் கார்டைச் சொருகத் தெரியாது, கேஸ் புக் பண்ணத் தெரியாது, ராத்திரி தனியாகப் படுத்ததே இல்லை. தப்பான ஆளைப் பழக்கி வைத்திருக்கிறேன்! எனக்கு ஏதாவது ஆனால் அவளை உங்களோடு அரக்கோணத்துக்கு அழைத்துக்கொள்ளுங்கள். இது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் இருவருக்கும் விரிஞ்சிபுரத்து மார்க்கபந்தீஸ்வரர் வழித்துணையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
சம்பத்

பி.கு.: உறை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் கண்ணம்மாள் இதைப் படித்துவிட்டாள். "நான் போய்ட்டா சாப்புட்றதுக்குத்தான் சமையல் கத்துக்கறீங்கன்னு மொத நாளே தெரியும்" என்றாள். கோபம் இல்லையா என்றேன். "கல்யாணம் ஆன இத்தன வருஷத்துல, இந்த ரெண்டு வருஷமாத்தான் உக்காந்த எடத்துல சூடா சாப்புட்றேன். வாயத் தொறந்து அதக் கெடுத்துக்குவனா?" கார்டு சொருகவும் கேஸ் புக் பண்ணவும் பக்கத்து வீட்டு அஃப்ஸர் ஜஹானிடம் போன தீபாவளிக்கே கற்றுக்கொண்டாளாம். எதற்கு என்றேன். "உங்க இருமலக் கேட்டுக்கிட்டே படுக்கறவ நான்" என்றாள்.

ஸ்கேனுக்கு அவளும் வருகிறாள். மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். நான் அடுப்பில் வைத்த கத்திரிக்காய் அடிப்பிடிக்கும் வாசனை வருகிறது. அவள் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை.