விசில் மாஸ்டரும் என் கணக்கு வகுப்பும்

கொழும்பிலே கவர்னர் துரைக்குப் பயப்படாதவர்கள் இருந்தார்கள். விசில் மாஸ்டருக்குப் பயப்படாத ஜீவன் ஒன்றுகூட இருந்ததில்லை. அவர் விசில் ஊதினால் கொட்டாஞ்சேனைக் காகங்கள் கூரை விளிம்பில் உயர வரிசைப்படி வந்து உட்காரும் என்று பொடியன்கள் சத்தியம் பண்ணுவார்கள்.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம் அது. கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னத் தமிழ்ப் பாடசாலையில் நான் புதிதாகச் சேர்ந்த கணக்கு வாத்தியார். வயது இருபத்திரண்டு, உத்தியோகம் தற்காலிகம். வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்தேன். பஸ்ஸிலும் டிராமிலும் மாறி மாறி இடிபட்டு, பிழிந்த துணிபோல வந்து சேர்வேன். விசில் மாஸ்டர் அங்கே டிரில் வாத்தியார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நான் கேட்டதில்லை. கஞ்சி போட்ட அரைக்காற்சட்டை, முழங்கால்வரை மேசோடு என்ற வெள்ளைக் காலுறை, கழுத்தில் கறுத்தக் கயிற்றில் விசில். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தாலும், படியில் ஒருநாளும் ஒவ்வொன்றாக ஏறமாட்டார்.

முதல் நாளே என்னை மறித்தார்.

"தம்பி, முழங்கால் மடியாமல் குனிஞ்சு கால்விரலைத் தொடும் பாப்பம்."

"நான் கணக்கு வாத்தியார், மாஸ்டர்."

"குனிய ஏலாத வாத்தியார் பொடியனை எப்பிடிக் காணும் நிமித்தப் போறீர்?"

மூளை தலையில் இருப்பதாகச் சொல்வது டாக்குத்தர்மார் கட்டிவிட்ட கதை என்பது அவருடைய கொள்கை. அது கெண்டைக்காலில் இருக்கிறதாம். பிள்ளையை ஓடவிட்டால்தான் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுமாம். உட்கார்ந்தே இருந்தால் வாங்குப் பலகையில் கசிந்துவிடுமாம்.

எனக்கும் அவருக்கும் பகை மூண்டது ஐந்தாம் வகுப்பால். பின்னேரம் அவருடைய டிரில். அது முடிய என் கணக்கு. வியர்த்துக் கொட்டிக்கொண்டு நாற்பது பொடியன்கள் ஆட்டுப்பட்டி வாசனையோடு உள்ளே பாய்வார்கள். அவர்களை அடக்கிப் பின்னத்தைத் தொடங்குவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிடும். இந்த நிலையில்தான் அடுத்த மாதம் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் கணக்குச் சோதிக்க வருகிறார் என்ற செய்தி வந்தது. வகுப்பு தோற்றால் என் தற்காலிகமும் போய்விடும்.

நான் தலைமை ஆசிரியரிடம் ஓடினேன். எவர் எதைக் கேட்டாலும் மறுக்காமல் 'ஓம்' சொல்லிவிடுகிற சாது அவர்.

"இன்ஸ்பெக்டர் வந்து போகுமட்டும் டிரில் நேரத்தையும் எனக்குத் தாங்கோ, சேர்."

"ஓம்" என்றார்.

விசில் மாஸ்டர் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். அவருக்குக் கொடுத்த புது வேலை புத்தகசாலையைப் பார்ப்பது. புத்தகசாலை என்றால் ஒரு அலுமாரிதான். மறுநாள் பார்த்தேன்: குட்டைப் புத்தகம் முன்னே, நெட்டைப் புத்தகம் பின்னே, எல்லாம் விறைப்பாக அணிவகுத்து நின்றன. ஒரு அகராதி மட்டும் தனியாகக் கிடந்தது. கேட்டதற்கு, "வயிறு பெருத்திட்டுது. அதுக்குத் தனிப் பயிற்சி" என்றார்.

நான் இரண்டு பாடவேளையும் விடாமல் கணக்குப் புகட்டினேன். முதல் வாரம் பொடியன்கள் கொட்டாவி விட்டார்கள். இரண்டாம் வாரம் பின் வாங்கு முழுவதும் நித்திரை. முழித்திருந்தவர்கள் ஒருவரையொருவர் கிள்ளிச் சண்டை பிடித்தார்கள். முன்பு கணக்குச் செய்தவர்களும் இப்போது ஏழும் ஐந்தும் பதினொன்று என்றார்கள். எல்லோரிலும் மோசம் ஹமீது என்ற கிராண்ட்பாஸ் பக்கத்துப் பொடியன். பலகையில் நான் 8 என்று எழுதினால் அவன் கொப்பியில் 3 இருக்கும். 3 எழுதினால் 8 இருக்கும். வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்து உள்ளங்கை சிவக்க அடித்தேன். "தெரியல்ல சேர்" என்று மட்டும் சொல்வான்.

இன்ஸ்பெக்டர் வர ஒரு வாரம் இருக்கையில் என் மானம் இறங்கியது. அலுமாரிக்கு முன்னால் போய் நின்றேன்.

"மாஸ்டர், பிழை என்னிலதான். பொடியன்களை நீங்களே எடுங்கோ."

"எடுக்கலாம். ஆனா முதல்ல நீர் ஓடும்."

"நானோ? வேட்டியோடயோ?"

"மடிச்சுக் கட்டும்."

ஓடினேன். மைதானத்தைச் சுற்றி மூன்று முறை. நாற்பது பொடியன்களும் கொட்டாங்காய் மரத்தடியில் நின்று விசிலடித்தார்கள். இரண்டாம் சுற்றில் என் செருப்பு ஒன்று பக்கத்து வளவுக்குப் பறந்தது. தலைமை ஆசிரியர் யன்னலால் எட்டிப் பார்த்து, யாரும் எதுவும் கேட்காமலே "ஓம், ஓம்" என்றார். மூன்றாம் சுற்று முடிய எனக்கு உயிர் போய் வந்தது. பிறகு மாஸ்டர் பொடியன்களையும் ஓடவிட்டார். ஆனால் அன்று வகுப்புக்குப் போனபோது என் எரிச்சல் எங்கோ விழுந்துபோயிருந்தது. பொடியன்களும் எல்லாக் கண்ணும் திறந்தபடி இருந்தார்கள். பின்னம் அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர்களுக்குள் இறங்கியது.

மூன்றாம் நாள் விசில் மாஸ்டர் பந்து எறிந்து பிடிக்கும் பயிற்சி வைத்தார். எல்லோரும் கையால் பிடித்தார்கள். ஹமீது மூக்கால் பிடித்தான். இரண்டாம் முறையும் மூக்கால்தான் பிடித்தான். பொடியன்கள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. அவன் முன்னால் முழங்காலில் இருந்தார்.

"மகன், பந்து வாறது தெரியுதோ?"

"கிட்ட வந்தாத்தான் தெரியும், சேர்."

"பலகையில எழுதுறது?"

"வெள்ளையா என்னமோ ஈக்கிது, சேர்."

மாஸ்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கைகளை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்த உடுப்போடேயே ஹமீதையும் அவன் வாப்பாவையும் கூட்டிக்கொண்டு கண் ஆசுபத்திரிக்குப் போனார். அங்கே வரிசை நீளமாம். காத்திருந்த நோயாளிகள் கூனிக்கொண்டு இருப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. ஊதிவிட்டார் விசிலை! இருபது பேரும் கையைத் தூக்கி இறக்க, ஓடி வந்த நேர்சம்மாவும் தன்னை மறந்து ஒருமுறை கையைத் தூக்கிவிட்டாவாம். இது ஹமீது சொன்னது. மாஸ்டர் மறுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். சிவந்த முகம், பெரிய மீசை. பலகையில் தானே ஒரு பின்னக் கணக்கை எழுதினார். வகுப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, புதுக் கண்ணாடி பளபளத்த ஹமீதைத்தான் எழுப்பினார். ஹமீது கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளினான். பலகையில் இருந்ததை ஒரு எண்ணும் பிசகாமல் வாசித்தான். பிறகு விடையையும் சொன்னான். சரியான விடை.

இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார். என் உத்தியோகம் தப்பியது. டிரிலும் இனிமேல் தன் நேரத்திலேயே நிற்கும்.

அப்போதுதான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். விசில் மாஸ்டர் சப்பாத்துக் கயிறு கட்டுகிறவர்போலக் குனிந்து, மேசோட்டை இழுத்து அதன் விளிம்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததை அவர் அறியக்கூடாது. எனவே திரும்பி நின்று, ஏற்கெனவே துடைத்திருந்த பலகையை, அவர் போகும்வரை துடைத்துக்கொண்டே இருந்தேன்.