கம்ப்யூட்டருக்கு நாடி பார்த்தவர்

எங்கள் தெருவில் ஒரு கம்ப்யூட்டர் அணைய மறுத்தது. அதைப் பார்க்க ஊரே வேலைவெட்டியை விட்டுவிட்டுத் திரண்டு வந்தது.

பஸ் பிடித்து வந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தார்கள். லீவு போட்டுவிட்டு வந்த ஆபீசர், லீவு போடாமலே வந்த கிளார்க், பரீட்சை முடிவு தெரிய வந்த மாணவர்கள், அந்தப் பரீட்சையைத் திருத்திய வாத்தியார் என்று ஒருவர் பாக்கியில்லை. நான் மூக்குக் கண்ணாடி விற்பவன். என் கடை அந்தக் கம்ப்யூட்டருக்கு நேர் எதிரே. கூட்டம் முழுக்க என் கடைப் படியில்தான் உட்கார்ந்தது. ஒருவராவது கண்ணாடி வாங்க வேண்டுமே! தங்கள் பார்வையில் கோளாறு இருக்கலாம் என்ற சந்தேகமே அவர்களுக்கு வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். எதிர்க்கடை ஒரு டைப்பிங் சென்டர். விண்ணப்பம் அடிப்பது, சான்றிதழை ஸ்கேன் செய்வது, பிரிண்ட் எடுப்பது, இதுதான் தொழில். அதை நடத்தி வந்தவர் ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. நல்ல மனிதர். ஒட்டிப்போன உறையைக்கூடக் கிழியாமல் பிரிக்கும் பொறுமை அவருக்கு. அவர் மனைவி, அழுது முடிப்பதற்குள்ளேயே கடையைத் திறந்தார். திறக்காவிட்டால் வீட்டில் அடுப்பெரியாது. கடையின் மாடிதான் வீடு.

முதல் நாள் வேலை முடிந்ததும் அந்த அம்மா கம்ப்யூட்டரில் ‘ஷட் டவுன்’ கொடுத்தார். திரை இருண்டது. உள்ளே இருக்கும் விசிறியும் நின்றது. விளக்கை அணைத்துவிட்டுச் சாவியை எடுத்தார். முதுகுக்குப் பின்னால் ‘விர்ர்ர்’ என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி எரிகிறது! மீண்டும் அணைத்தார். மீண்டும் எழுந்தது. கடைசியில் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாடிக்கு ஓடினார். அடுத்த நாளும் அதே கதை.

பக்கத்துத் தையல்காரம்மாவிடம் அவர் சொன்னது இதுதான்: “அவர் இருந்த வரைக்கும் ஒழுங்கா அணைஞ்சுதுக்கா. அவர் போனதுலேர்ந்து அணையவே மாட்டேங்குது.”

தெருமுனைக்குப் போய்ச் சேருவதற்குள் இந்தப் பேச்சுக்குக் கை கால் முளைத்துவிட்டது. அவர் போகவே இல்லையாம். கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறாராம். தும்மினால்கூட மூன்று டாக்டரைப் பார்க்கிற ஊர் இது. ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை. மின்னலய்யாவைக் கூப்பிட்டார்கள்.

மின்னலய்யா யார்? கரண்டில் உலவும் ஆவிகளோடு பேசுகிறவராம். அதற்கு முன்பு தண்ணீர் ஃபில்டர் விற்றவர் என்றும் ஒரு பேச்சு உண்டு. ஃபில்டரில் எதுவும் வடியவில்லை போலிருக்கிறது, ஆவிக்கு மாறிவிட்டார். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கழுத்தில் செப்புக் கம்பி வளையம். வந்தவுடன் அந்த அம்மாவை எதிரே உட்கார வைத்து, கணவர் எப்படி வேலை செய்வார் என்று அக்கறையாகக் கேட்டார். பாவம், இத்தனை நாளாக அதை யாரும் கேட்கவில்லை. அவர் எல்லாவற்றையும் கொட்டினார். எங்கே உட்காருவார், எப்படித் தட்டுவார், கடை சாத்தும்போது எப்படிக் குனிந்து கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகில் கை வைத்துத் தூங்க வைத்துவிட்டு வருவார், எல்லாம்.

“முதுகுல கை வைப்பாரா?” மின்னலய்யாவின் புருவம் ஏறியது.

“ஆமாங்கய்யா. குழந்தையைத் தட்டிக் குடுக்கிற மாதிரி. நான்கூடக் கிண்டல் பண்ணுவேன்.”

மின்னலய்யா எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரோடு கொஞ்ச நேரம் தனியாக இருந்தார். கதவைத் திறந்தபோது அந்தப் பெட்டியின் பின்பக்கத்தைக் கறுப்புத் துணி போர்த்தி மறைத்திருந்தார். ஆவிக்கு வெளிச்சம் ஆகாதாம். முறையையும் அறிவித்தார். கேள்வியைக் கேட்டுவிட்டு ஷட் டவுன் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தால் ‘ஆமாம்’. எழாவிட்டால் ‘இல்லை’. சில கேள்விகளுக்கு மட்டும் அவர் துணிக்குள் கையை விட்டு, இரண்டு விரலால் நாடி பார்ப்பார்.

முதல் கேள்வி அந்த அம்மாவுடையது. கணவர் இறந்த அன்று காலையில் சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றி இருவருக்கும் சண்டை. சமாதானமாகப் பேச நேரமே கிடைக்கவில்லை.

“என் மேல கோபமாங்க?” என்று திரையைப் பார்த்துக் கேட்டார்.

மின்னலய்யா நாடி பார்த்தார். கம்ப்யூட்டர் அணைந்தது. அணைந்தே கிடந்தது. இல்லை!

அந்த அம்மா மேசை மேல் தலையை வைத்து அழுத அழுகையை நான் என் கடையிலிருந்து பார்த்தேன். அந்த ஒரு ‘இல்லை’க்காக அவர் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பார். மின்னலய்யாவுக்கும் அது தெரிந்துபோயிற்று.

அப்புறம் என்ன? டைப்பிங் நின்றது. தரிசனம் தொடங்கியது. பேப்பர் வந்த அட்டைப் பெட்டி காணிக்கைப் பெட்டி ஆனது. ‘மகனுக்கு வேலை கிடைக்குமா?’ விர்ர்ர். ஆமாம்! ‘வழக்கில் ஜெயிப்பேனா?’ விர்ர்ர். ஆமாம்! அதே வழக்கின் எதிராளி மறுநாள் வந்தார். அவருக்கும் ஆமாம். நீதிபதி வந்திருந்தால் அவருக்கும் ஒரு ஆமாம் கிடைத்திருக்கும். வேண்டாத கேள்வி யாராவது கேட்டால் மட்டும் மின்னலய்யாவின் கை துணிக்குள் போகும். ‘இந்தக் காணிக்கை கணவரை இழந்த அம்மாவுக்குத்தானே போகுது?’ என்று ஓர் அப்பாவி கேட்டார். நாடி பார்க்கப்பட்டது. இல்லை! ஆவியே சொன்ன பிறகு யார் வாய் திறப்பார்கள்?

ஒருநாள் மின்னலய்யா காரியத்துக்கு வந்தார். அந்த ஆவிக்கு இது நிரந்தர இருப்பிடமாக வேண்டுமாம். கடையையும் மாடியையும் மின்னலய்யா பேரில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மறுத்தால் கணவர் ஒயருக்குள்ளேயே அலைந்து திரிவாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, எல்லோர் முன்னாலும், ஆவியையே கேட்டு முடிவு செய்துவிடலாம்.

“அண்ணே, அவரே சொல்லிட்டா நான் எப்படி மாட்டேங்கிறது?” என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

“நீங்க எங்கம்மா போவீங்க?”

“தெரியலண்ணே. அவர் அலையக் கூடாது. அவ்வளவுதான்.”

சனிக்கிழமை அந்த அம்மாவின் நாத்தனார் வந்து இறங்கினாள். இறந்தவரின் சொந்தத் தங்கை. வெளியூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாசலில் கூட்டத்தைப் பார்த்தவள் நேராக என் கடைக்கு வந்தாள்.

“என்னண்ணே இது, எங்கண்ணன் கடையா, பொருட்காட்சியா?”

சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். நாடி என்ற சொல் வந்ததும் நிமிர்ந்தாள்.

“எல்லாக் கேள்விக்கும் நாடி பார்க்கிறாரா?”

“இல்லம்மா. சிலதுக்கு மட்டும்.”

“எதுக்கெல்லாம்?”

யோசித்தேன். அட! “இல்லைன்னு பதில் வர்றதுக்கெல்லாம்.”

“அதானே பார்த்தேன்! நானும் எத்தனையோ பேருக்கு நாடி பார்த்திருக்கேன். கையைப் பிடிச்சுதான் பார்த்தேன். முதுகுல யாருக்கும் பார்த்ததில்ல.” உடனே ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கிறவருக்கு போன் போட்டாள். பேசி முடித்ததும் சிரித்தாள். “பின்னாடி செருகியிருக்கிறதை ஒண்ணு ஒண்ணாக் கழட்டிட்டு அணைச்சுப் பாருன்னு சொல்றார். எதைக் கழட்டினதும் தூங்குதோ அதுதான் வியாதியாம். ஒவ்வாமைன்னு வர்றவங்களுக்கு நாங்களும் ஒவ்வொரு மாத்திரையா நிறுத்தித்தான் பார்ப்போம்.”

“அண்ணிகிட்டச் சொல்லும்மா, இப்பவே.”

“நான் சொன்னா நம்ப மாட்டாங்கண்ணே. அவங்க கண்ணால பார்க்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை. கடைக்குள் காற்று நுழைய இடமில்லை. முன்வரிசையில் ரிட்டயர் ஆன வங்கி மேனேஜர், தையல்காரம்மா, ஜெயிக்கப்போகும் இரண்டு எதிராளிகள். நான் என் கடையைப் பூட்டிவிட்டே போனேன். மின்னலய்யா கையைத் தூக்கினார். நாத்தனார் முன்னால் வந்தாள்.

“ஐயா, நான் கூடப் பிறந்தவ. முதல் கேள்வி நான் கேக்கறேன். நாடியும் நானே பார்க்கறேன், அது என் தொழில். நீங்க இப்படி முன்னாடி வந்து உக்காருங்க.”

மின்னலய்யாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கூட்டம் “தங்கச்சியாச்சே, கேக்கட்டும்” என்றது. தவிர, கையை வைக்காவிட்டால் வரப்போவது ‘ஆமாம்’. அவருக்கு வேண்டியதும் அதுதானே? பெரிய மனது பண்ணி உட்கார்ந்தார்.

“அண்ணா, இந்தக் கடையை இவருக்கு எழுதிக் குடுக்கலாமா?”

ஷட் டவுன். திரை இருண்டது. விசிறி நின்றது. விர்ர்ர்.

“ஆமாம்!” என்று கூரை அதிர்ந்தது. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மின்னலய்யா எழுந்தார்.

“உக்காருங்கய்யா, இன்னும் முடியல. அண்ணா, இந்தக் கடையை இவருக்கு எழுதிக் குடுக்கவே கூடாது, சரிதானே?”

விர்ர்ர். ஆமாம்.

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அண்ணா, நீ ஆம்பளையா?” விர்ர்ர். “பொம்பளையா?” விர்ர்ர். “இந்த மேனேஜர் சாருக்கு ரெண்டு சம்சாரமா?” விர்ர்ர்.

“ஐயோ, பொய்யிம்மா!” என்று மேனேஜர் அலறினார். அவருடைய ஒரே சம்சாரம் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணா, இதுக்குள்ள ஆவின்னு ஒண்ணுமே கிடையாதுதானே?”

விர்ர்ர். ஆமாம்! தான் இல்லவே இல்லை என்று இவ்வளவு பணிவாக ஒப்புக்கொண்ட ஆவியை நான் பார்த்ததே இல்லை.

மின்னலய்யா துள்ளிக்கொண்டு வந்தார். “ஆவியைக் குழப்பிட்டீங்க! நிந்தனை! நான் நாடி பார்த்தாத்தான் அடங்கும்.” பெட்டிக்குப் பின்னால் பாய்ந்து துணிக்குள் கையை விட்டார். “ஆவியே, உன்னை இவங்க அவமானப்படுத்தினது உனக்குச் சம்மதமா?” ஷட் டவுன். திரை இருண்டது. எழவில்லை. “பார்த்தீங்களா? இல்லைங்குது!”

நாத்தனார் ஒரே இழுப்பில் துணியை உருவினாள்.

மின்னலய்யாவின் இரண்டு விரலுக்கு நடுவே ஒரு ஒயர். பெட்டியிலிருந்து பாதி பிடுங்கப்பட்ட ஒயர். மறுமுனை மேசை ஓரத்தில் இருந்த பழைய ஸ்கேனருக்குப் போயிற்று. அவர் கையை எடுக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் அப்படியே நின்றார்.

கூட்டம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. அந்த அம்மாதான் எழுந்தார். மெதுவாக நடந்து பெட்டிக்குப் பின்னால் போனார். அந்த விரலையே பார்த்தார்.

“இது அவர் பண்றது,” என்றார். “கடை சாத்தும்போது அவர் இப்படித்தான் கை வைப்பார். தட்டிக் குடுக்கிறார்னு நெனச்சேன். ஒயரைக் கழட்டியிருக்கார்.”

“செஞ்சு பாருங்க அண்ணி. ரெண்டு விதமாவும்.”

ஒயரைச் செருகி அணைத்தார். எழுந்தது. பிடுங்கி அணைத்தார். தூங்கியது. மறுபடி செருகினார், மறுபடி எழுந்தது. பழுதான அந்த ஸ்கேனர், அணைகிற நேரத்தில் கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது. அதைத் தெரிந்து வைத்திருந்த மனிதர், நாளைக்குச் சரி பண்ணலாம் என்று தினமும் ஒயரைப் பிடுங்கிப் பிழைப்பை ஓட்டியிருக்கிறார். சமையலறைக் குழாயையும் அப்படித்தான் விட்டு வைத்திருந்தார்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “இந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல!” என்றார். பிறகு முகம் வாடியது. “அப்போ அன்னிக்குக் கோபம் இல்லைன்னது? அதுவும் இவன் விரல்தானா?”

“அந்தக் கேள்வியை என்கிட்டக் கேட்டிருக்கணும் அண்ணி. எங்கண்ணனுக்குக் கோபம் ஒரு காபி ஆறுற நேரம்கூடத் தாங்காது. இருபது வருஷம் கூட வாழ்ந்த உங்களுக்குத் தெரியாதா? ஃபில்டர் வித்தவன் வந்து சொல்லணுமா?”

அந்த அம்மா நாத்தனாரின் தோளில் சாய்ந்துகொண்டார்.

அதற்குள் மின்னலய்யா கதவுப்பக்கம் நகர்ந்திருந்தார். காணிக்கைப் பெட்டியோடு நகர்ந்ததுதான் தப்பு. இரண்டு எதிராளிகளும் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒற்றுமையாக ஒரு வேலை செய்தார்கள். ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். பெட்டி அந்த அம்மாவின் மேசைக்கு வந்தது. மின்னலய்யா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே யாரும் அவருக்கு முதுகில் நாடி பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

மறுநாள் மேனேஜர் என் கடைப் படியில் உட்கார்ந்து, “எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே சந்தேகம்தான்” என்றார்.

“அப்ப ஏன் சார் தினமும் முன்வரிசையில நின்னீங்க?”

“சந்தேகத்தைத் தீர்த்துக்கத்தான்!” என்றார். கண்ணாடி வேண்டுமா என்று கேட்டேன். பார்வை நன்றாகத்தான் இருக்கிறதாம்.

எதிர்க்கடையில் இப்போது டைப்பிங் ஜரூராக நடக்கிறது. சமையலறைக் குழாய்க்குப் பிளம்பர் வந்து போனார். ஸ்கேனரை அந்த அம்மா மாற்றவில்லை. சாயங்காலம் கடை சாத்தும்போது குனிந்து, முதுகில் கை வைத்து, ஒயரைக் கழற்றிவிட்டு அணைக்கிறார். ஒருமுறைகூட மறுபடி எழவில்லை.

அந்தக் கம்ப்யூட்டராவது ஒயரைக் கழற்றியதும் அடங்கிவிட்டது. எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் அடுத்த தெருவில் தானாகத் திறக்கும் குளிர்சாதனப் பெட்டியைப் பார்க்க இப்போதே வரிசையில் நிற்கிறார்கள். போகட்டும். போகிறவர்கள் ஒன்றே ஒன்று செய்யுங்கள். ‘ஆமாம்’ என்று பதில் வந்ததும் கும்பிட்டுவிட்டுத் திரும்பாதீர்கள், அதே கேள்வியைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை கேளுங்கள். அதற்கு நாடி பார்க்கத் தெரிய வேண்டியதில்லை ஐயா, கழுத்துக்கு மேலே இருப்பதைக் கொஞ்சம் ஆன் பண்ணினால் போதும்.