பராக்கு சாரும் மலையேறிய சம்பந்தமும்

உலகத்தில் எதையும் நேராகப் பார்க்காமல், அதற்குப் பக்கத்தில் இருப்பதை மட்டுமே பார்த்து ஒரு மனிதர் நாற்பது வயதைத் தொட்டுவிட முடியும் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நீங்கள் பராக்கு சாரிடம் படித்ததில்லை, அவ்வளவுதான்.

விருதுநகர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எங்களுக்கு மெக்கானிக்கல் பாடம் எடுத்தவர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். பிரின்சிபாலுக்கே அது மறந்துபோய், ஆண்டுவிழா மேடையில் மைக்கைப் பிடித்து, "அடுத்ததாக நன்றியுரை, நம்ம பராக்கு..." என்று ஆரம்பித்துவிட்டு, இருமி, தண்ணீர் குடித்து, "மெக்கானிக்கல் துறை ஆசிரியர்" என்று ஒருவழியாக முடித்தார். அதற்குள் நன்றியுரைக்காரர் மேடைக்குப் பின்னால் போய், சீரியல் பல்பு அணைந்து எரிவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் யாருக்கும் நன்றி சொல்லப்படவில்லை.

வகுப்பில் பிஸ்டன் படம் வரைவார். பாதி வந்ததும் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் ஓர் அணில் ஓடும். சாக்பீஸ் நின்றுவிடும்.

"சார், பிஸ்டன்..." என்று முதல் பெஞ்சு முனகும்.

"அது எங்கப்பா போயிடப்போவுது? அணில் போயிரும்ல" என்பார், திரும்பாமலே.

சொன்னால் சிரிப்பீர்கள், எங்களில் பாதிப் பேருக்கு பிஸ்டன் எப்படி இருக்கும் என்று வேலைக்குப் போன பிறகுதான் தெரியும். அணிலைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

இப்பேர்ப்பட்டவரைத்தான் கல்லூரி ஒவ்வொரு வருடமும் இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்குத் தலைமை தாங்க அனுப்பியது. மற்ற ஆசிரியர்களுக்குக் குடும்பம் இருந்தது, இவர் தனிக்கட்டை என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. எங்கள் சீனியர்களைப் பம்பு கம்பெனிக்குக் கூட்டிப்போனார். வழியில் ஒரு கண்மாயில் நாரைக்கூட்டம் இறங்கியிருந்தது. பஸ் போய்ச் சேர்ந்தபோது கம்பெனி வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய செட்டு ஒரு நூற்பாலையின் சுற்றுச்சுவரை மட்டும் முழுமையாகப் பார்த்தது.

நாங்கள் இறுதியாண்டு வந்ததும் துறைத்தலைவர் சாரைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவை பேக்டரிக்காரங்க சீல் வச்ச லெட்டரோட வரணும். இல்லைன்னா இனிமே இந்தக் காலேஜ்ல டூரே கிடையாது."

சார் தலையாட்டினாராம். துறைத்தலைவருக்குப் பின்னால் மின்விசிறி ஒருபக்கமாகச் சாய்ந்து சுற்றுவதைப் பார்த்தபடி.

போகவேண்டிய இடம் மேகமலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. முதல் நாள் இரவு தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் படுத்தோம். காலையில் கிளம்பி, சின்னமனூர் வழியாக மலையேற வேண்டும். நேர்வழி. பராக்கு சாரே வழிதவற முடியாத அளவுக்கு நேர்வழி.

சின்னமனூருக்கு முன்னால் பஸ்ஸின் முன்சீட்டிலிருந்து குரல் வந்தது. "ஏம்ப்பா, இந்தப் பக்கம்லாம் திராட்சைத் தோட்டம் இருக்காமே, பந்தல் போட்டு?"

பக்கத்துச் சீட்டு நண்பன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவன் என் தோளைத் தட்டி, "சார், இவன் ஊரு ஓடைப்பட்டிதான் சார். வீட்டு வாசல்லயே பந்தலாம்" என்றான். அவ்வளவுதான், பஸ் திரும்பிவிட்டது.

எங்கள் வீட்டுக்குப் போகவே கூடாத நாள் அது. காரணம், அன்றைக்கு எங்கள் வீட்டில் அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு கூட்டம் வந்து, கேசரி சாப்பிட்டு, "ஊருக்குப் போயிச் சொல்லி விடுறோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். செல்வி அக்கா நன்றாகப் பேசக்கூடியவள். ஆனால் வந்தவர்கள் முன்னால் நிறுத்தினால் வாயே திறக்காது. "ஊமையா?" என்று இரண்டாவது கூட்டத்தில் ஒரு கிழவர் கேட்டேவிட்டார். அப்பா அதிலிருந்து யாரிடமும் சரியாகப் பேசவில்லை. "இந்தத் தடவையாச்சும் நல்லபடியா முடியணும். நீ இருந்து என்ன செய்யப்போற, காலேஜுக்குப் போ" என்று அம்மா என்னைத் திங்கட்கிழமையே பஸ் ஏற்றியிருந்தாள்.

"சார், இன்னைக்கு வீட்ல விசேஷம் சார். இன்னொரு நாள்..."

"விசேஷமா?" என்று சாரின் முகம் மலர்ந்தது. "அப்ப நல்ல நாளாத்தான் வர்றோம்."

வீட்டுக்கு முன்னால் ஓர் அம்பாசிடர் நின்றது. அதன் பின்னால் எங்கள் காலேஜ் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. முப்பத்தைந்து பேர் இறங்கினோம். அம்மா கையில் பஜ்ஜித்தட்டோடு வாசலுக்கு வந்தவள், அப்படியே நின்றாள்.

"ஏலே, மாப்ள வீட்டுக்காரக இப்பத்தான வந்து உக்காந்தாக! நீ என்னடா ஊரையே கூட்டியாந்து நிக்கிற?"

"நான் கூட்டியாரலம்மா, சார்தான்..."

சாரைக் காணோம். பந்தலுக்கு அடியில் நின்று தலைக்குமேல் தொங்கிய காய்க்கொத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இலைகளுக்கு இடையில் வெயில் காசு காசாக அவர் சட்டையில் விழுந்திருந்தது. அப்பா ஓடிப்போய்க் கையைப் பிடித்து, மரியாதைக்குக் கூடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார். பதற்றத்தில் உட்காரவைத்த இடம் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில். நாங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்து வரிசையாக நின்றுகொண்டோம்.

மாப்பிள்ளைக்குக் கடமலைக்குண்டில் மோட்டார் ரீவைண்டிங் கடை. பெயர் பாண்டி. தரையைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். செல்வி அக்கா காப்பித் தட்டோடு வந்து, கொடுத்து, சுவரோரம் நின்றாள்.

"சமையலெல்லாம் வருமா ஆத்தா?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

அக்கா தலையை ஆட்டினாள். சத்தம் இல்லை. அப்பாவின் நெற்றியில் வேர்வை.

பராக்கு சார் ஒரு பஜ்ஜியைக் கையில் வைத்தபடி, ஜன்னல் வழியாக, எங்கள் தலைகளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். மலை. உச்சியில் வெள்ளையாக ஒரு மேகம் படுத்திருந்தது.

"ஏம்மா," என்றார் அக்காவிடம். "அந்த மேகத்துக்குள்ள என்ன இருக்கு?"

அக்கா தலையைத் தூக்கினாள்.

"தெரியல சார். போனதில்ல."

"இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டா?"

"தெனமும் மாடியில நின்னு பாப்பேன். காலையில கீழ இறங்கி வரும், மதியம் மேல போயிரும். சாயங்காலம் ஒரு பக்கம் மட்டும் செவப்பா இருக்கும். போனது மட்டும் இல்ல."

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அக்கா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை.

"நாங்க இப்ப அங்கதான் போறோம்," என்றார் சார், உப்பு எடுத்துக் கொடுக்கச் சொல்வதைப்போல. "பஸ்ல எடம் இருக்கு. வாயேன்."

அதற்குப் பதில் சொன்னது மாப்பிள்ளையின் அம்மா. அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"நானும் போனதில்ல சார்," என்றார். "எங்க ஊருல இருந்து பாத்தா இந்த மலையோட முதுகுதான் தெரியும். கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து முதுகையே பாத்துக்கிட்டு இருக்கேன்."

"என்ன பேசுற நீ?" என்று மாப்பிள்ளையின் அப்பா எகிறினார். "பொண்ணு பாக்க வந்தமா, டூர் வந்தமா?"

"அங்கன வச்சுப் பாப்போம். போறதுக்குள்ள பொண்ணு மாறிரப் போகுதா?" என்று சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டார் அந்த அம்மா. "வாங்க மதினி, நீங்களும் கெளம்புங்க" என்று எங்கள் அம்மாவையும் கையைப் பிடித்து இழுத்தார்.

அப்பா என் காதருகே குனிந்தார். "ஏலே, உங்க சாரு என்ன பாடம்லே எடுக்குறாரு?"

"மெக்கானிக்கல்ப்பா."

அப்பா சாரை ஒருமுறை, மேகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, செருப்பைத் தேடினார்.

இப்படித்தான் பட்டுச்சேலையும் பஜ்ஜித்தட்டும் முப்பத்தைந்து மாணவர்களுமாக எங்கள் பஸ் மேகமலை ஏறியது. அந்தக் காலத்தில் அது ரோடு இல்லை, ரோடு மாதிரி ஒன்று. கொண்டை ஊசி வளைவில் டிரைவர் ஒரு தடவை முன்னே போய், பின்னே வந்து, சாமி கும்பிட்டு, திரும்ப முன்னே போவார். மூன்றாவது வளைவிலேயே மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் குமட்டல். கடிகாரம் கட்டிய கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா எழுந்துபோய் அவரிடம் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, "மோந்து பாத்துக்கிட்டே வாங்க மாமா" என்றாள். மாமா என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மேலே ஏற ஏறப் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கீழே நாங்கள் பிறந்து வளர்ந்த பள்ளத்தாக்கு, தென்னந்தோப்பும் வயலும் குளமுமாக, யாரோ உலர்த்திய சேலை மாதிரி விரிந்து கிடந்தது. ஒரு வளைவைத் தாண்டியதும் அதுவும் இல்லை. ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்துவிட்டது. முன்சீட்டில் இருப்பவர் தெரியவில்லை. பஸ் நகர்கிறதா மிதக்கிறதா என்று புரியவில்லை. செல்வி அக்கா கையை வெளியே நீட்டி, ஈரமான விரல்களை எடுத்துப் பார்த்தாள். எதிர்ச் சீட்டில் மாப்பிள்ளையின் அம்மாவும் அதையே செய்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து, சின்னப் பிள்ளைகள்போலச் சிரித்துக்கொண்டார்கள்.

மேகம் விலகியபோது கண் முன்னால் பச்சையைத் தவிர எதுவும் இல்லை. குன்று குன்றாகத் தேயிலை. நடுவில் அசையாமல் ஓர் ஏரி. எங்கள் செட்டின் மிகப்பெரிய வாயாடிகூட, கீழே இறங்கி நின்று, "ம்" என்று மட்டும் சொன்னான்.

ஆச்சரியம் என்னவென்றால், தொழிற்சாலை திறந்திருந்தது. பராக்கு சாரின் சரித்திரத்தில் முதன்முறை. மேனேஜர் பட்டுச்சேலைகளைப் பார்த்துத் திகைத்தாலும் எல்லோரையும் உள்ளே விட்டார். வாடிய இலையின் வாசனையும், அனலில் வறுபடும் தூளின் வாசனையும் கலந்து ஒரு கிறக்கம். எந்திரங்களின் இரைச்சலோ சொல்லி முடியாது. பக்கத்தில் நிற்பவன் கத்துவதும் வாயசைப்பாகத்தான் தெரியும்.

அந்த இரைச்சலில்தான் பாண்டி மாப்பிள்ளைக்குத் துணிச்சல் வந்தது. அக்காவின் பக்கத்தில் போய் எதையோ கேட்டார். அக்கா காதைக் காட்டினாள். மறுபடி கேட்டார். அக்கா அவர் காதுக்கு நேராகத் திரும்பி மூச்சை இழுத்தாள். அந்த நொடியில் ஷிப்டு மாறுவதற்காக எந்திரத்தை நிறுத்தினார்கள்.

"எனக்குப் பிடிச்சிருக்கு! உங்களுக்கு?"

தகரக்கூரை அதை வாங்கி இன்னொரு தடவை சொன்னது. எங்கள் முப்பத்தைந்து பேர், இரண்டு அப்பா, இரண்டு அம்மா, மேனேஜர், தொழிலாளர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்திருந்த தன் அப்பாவைப் பார்த்தார். அவர் பழத்தை ஒருமுறை மோந்துவிட்டு, "கேட்டது உன்னயத்தான? பதிலைச் சொல்லுடா" என்றார்.

"எனக்கும்" என்றார் மாப்பிள்ளை. கைதட்டல் அடங்கவே இல்லை.

பராக்கு சார் கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்தார். கூரைக் கண்ணாடியின் வழியே சாய்ந்து விழுந்த ஒளிக்கம்பத்தில் தேயிலைத் துகள்கள் பொன்னாகச் சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, எதுக்குக் கைதட்டுறீங்க?"

மேனேஜர் கொடுத்த கடிதத்தில், மாணவர்களும் அவர்தம் உறவினர்களும் தொழிற்சாலையை ஆர்வத்துடன் பார்வையிட்டதாக எழுதிச் சீல் வைத்திருந்தது. துறைத்தலைவர் அதைப் பலமுறை படித்தார் என்று கேள்வி.

ஆவணியில் கல்யாணம். அப்பாவே விருதுநகருக்குப் போய்ச் சாருக்குப் பத்திரிகை வைத்தார். முகூர்த்தம் முடிந்தது, பந்தி முடிந்தது. சார் வரவில்லை. சாயங்காலம்வரை அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மறந்திருப்பாரு" என்று நான் சொன்னபோது கோபித்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம், வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்றார். ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் டீக்கு நின்றிருக்கிறது. எதிர்மலையில் மேகத்தின் நிழல் நகர்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டே இவர் நடந்திருக்கிறார். பஸ் போய்விட்டது. அடுத்து வந்ததில் ஏறினார். அது வருசநாட்டுக்குப் போயிற்று. சட்டை கசங்கி, கையில் பரிசுப் பொட்டலத்தோடு, "முகூர்த்தம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. அம்மா அடுப்படிக்குள் போனாள். அரைத்து, வதக்கி, பொரித்து, பாயசம்வரைக்கும் முழுக் கல்யாணச் சமையலையும் திரும்பச் செய்தாள். அக்கா உள்ளே போய் முகூர்த்தச் சேலையை மறுபடி கட்டிக்கொண்டு வந்தாள். அத்தானை அப்பா வேட்டி சட்டை மாற்றச் சொன்னார். இருவரும் வந்து சாரின் காலில் விழுந்து எழுந்தார்கள். பிறகு நடுக்கூடத்தில் ஒரே ஓர் இலை போட்டோம். அவர் மெதுவாக, ரசித்து, அங்கங்கே நிறுத்திச் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை வீட்டில் ஒருவரும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.