அத்தையின் காரை நாங்கள் குளத்தில் கரைக்கவில்லை

டாக்குரியா, கொல்கத்தா
செவ்வாய்க்கிழமை மாலை

பெருமதிப்பிற்குரிய சுலோசனா அத்தைக்கு, மதுவந்தி நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம். உங்கள் காரும், சில பாகங்களாக, சௌக்கியம். திருச்சியில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், மாடியில் வைத்த செம்பருத்தி பூத்திருக்கும் என்றும் நம்புகிறேன்.

அத்தை, முதலில் ஒரு வேண்டுகோள். எங்கள் மாடி வீட்டு கீதாஞ்சலி மாஷி ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருப்பார். 'சுலோசனாவின் காருக்கு விசர்ஜன்' என்று, அம்மனைக் கரைப்பது போல, அதற்குத் தலைப்பும் போட்டிருக்கிறார். தயவுசெய்து அதைப் பார்க்காமல் அழித்துவிடுங்கள். பார்த்துவிட்டீர்கள் என்றாலும் அழித்துவிடுங்கள். அன்றிலிருந்து அப்பா போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை என்பதால் பார்த்திருப்பீர்கள் என்றே நினைக்கிறோம். போனில் சொன்னால் நீங்கள் நடுவில் கேள்வி கேட்பீர்கள், அப்பா தடுமாறுவார். கடிதத்தை யாரும் நடுவில் நிறுத்த முடியாது. அதனால் நான் எழுதுகிறேன்.

போன மாதம் நீங்கள் எழுதியிருந்தீர்கள்: "தசமியன்று காலை வருவேன். வண்டி அந்த மூலையை விட்டு ஓர் அடியாவது நகர்ந்திருந்தால் மேற்கொண்டு பேசலாம். இல்லையென்றால் மறுநாளே இரும்புக் கடைக்காரர் வந்து எடுத்துப் போவார்." அப்பா அதைப் படித்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று ரசம் சாதத்தோடு எழுந்துவிட்டார். அந்த ஹெரால்டு காரில் நீங்கள் அலிப்பூர் ஆபீசுக்குப் போகும்போது அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டே வந்ததையெல்லாம் எனக்குச் சொல்லியிருக்கிறார். நீங்கள் ஊரை விட்டுப் போய்ப் பதினோரு வருஷத்தில் அது கொய்யா மரத்தடி மூலையில், சுவரை ஒட்டி, ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. சுவர் பக்கம் கை நுழையாது. நுழையாத பக்கத்தை எப்படிச் சரிசெய்வது? கூட்டை அடிச்சட்டத்திலிருந்து கழற்றி, சக்கரம் வைத்த ஒரு தாழ்ந்த சட்டத்தின் மேல் ஏற்றிவிட்டால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தள்ளலாம், திருப்பலாம் என்று அப்பா கண்டுபிடித்தார். அதற்கு டாலி என்று பெயர். அம்மா அதைக் கட்டில் என்கிறார். "பதினெட்டு வருஷமா ஹாலுக்கு ஒரு கட்டில் கேக்கறேன். காருக்கு வந்துடுத்து, பாருடி மது" என்றார்.

அத்தை, அந்தக் கட்டில் செய்த மூன்று வாரமும் எனக்கு மிக அழகான வாரங்கள். கிடர்பூரில், கப்பலில் சரக்கு நகராமல் முட்டுக் கொடுக்கும் மரக்கட்டைகளைப் பழைய சாமான் கடையில் வாங்கி, கைவண்டியில் ஏற்றி அனுப்பினார் அப்பா. மழையில் நனைந்து வந்த கட்டைகளை வராந்தாவில் அடுக்கியதும் வீடு முழுக்க ஒரு கடலின் வாசனை வந்தது. எந்தக் கடல் என்று தெரியவில்லை. ஒரு கட்டையில் எனக்குத் தெரியாத எழுத்துகள் இருந்தன. இன்னொன்றில் ஒரு குடையும், மேலே பார்க்கும் ஓர் அம்பும். அப்பா அறுத்துச் சேர்த்து முடித்தபோது அம்பு கீழே பார்த்தது. அம்மா சுட்டிக்காட்டினார். "சரக்குக்குத்தான் அம்பு, கட்டிலுக்கு இல்லை" என்றார் துறைமுக ஆபீசில் இருபது வருஷமாகச் சரக்குப் பத்திரம் எழுதும் அப்பா. அளவையெல்லாம் நான்தான் என் புவியியல் நோட்டில் வரைந்து வைத்தேன். மிஸ் அதைத் திறந்துவிட்டு, "இது எந்தத் தீவு?" என்று கேட்டார். நான் யோசித்துவிட்டு, இன்னும் யாரும் போகாத தீவு என்றேன். வெளியே நிற்கச் சொன்னார்.

சக்கரம் வாங்க நானும் போனேன். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டிகளில் இருந்து கழற்றிய நான்கு சக்கரங்கள், ரப்பர் போட்டவை, உருட்டினால் சத்தமே வராது, நான்கும் எந்தத் திசையிலும் திரும்பும். கடைக்காரர், "பிரேக் வெச்சது ரெண்டு எடுத்துக்குங்க, தாதா" என்று இந்தியில் சொன்னார். இரண்டிலாவது பிரேக் இருக்க வேண்டும் என்று நானும் படித்திருந்தேன், சொன்னேன். அப்பா சிரித்தார். "பதினோரு வருஷமா நின்னுண்டே இருக்கு, மது. நிக்க அதுக்குச் சொல்லிக் குடுக்கணுமா? நகரத்தான் சொல்லிக் குடுக்கணும்." எனக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துப்போனதால் மேற்கொண்டு வாதாடவில்லை. இதில் என் தவறும் உண்டு.

துருப்பிடித்த போல்ட்டுகளை மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றிக் கழற்ற ஒரு வாரம் ஆனது. தூக்கும்போது கூடு வளைந்துவிடாமல் இருக்க, கதவுகளைக் கழற்றாமல் குறுக்கே மரச்சட்டம் அடித்தார் அப்பா. பிறகு தூக்க ஆள் வேண்டுமே. எங்கள் தெருவில் எதைத் தூக்குவதாக இருந்தாலும் துர்கா பூஜை கிளப்தான். செயலாளர் உத்தம் காக்கு பன்னிரண்டு பேரோடு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து, காரைச் சுற்றிப் பார்த்து, "எவ்வளவு கனம், ஜம்பு-தா?" என்றார். "போன வருஷ அம்மனைவிடக் குறைச்சல்தான்" என்றார் அப்பா. யோசித்துப் பார்த்தால், எல்லாம் அந்தப் பதிலில்தான் ஆரம்பித்தது. அவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே ஒரு பொருளைத்தான் சேர்ந்து தூக்குவார்கள். இடுப்பில் துண்டு கட்டினார்கள், கூட்டில் கை வைத்தார்கள், உத்தம் காக்கு தன்னை அறியாமல் "போலோ துர்கா மாயி கி" என்றார், பன்னிரண்டு பேரும் "ஜொய்!" என்றார்கள், கார் எழுந்துவிட்டது அத்தை, இறகு மாதிரி. அப்பாவும் இரண்டு பேரும் கூட்டின் அடியிலிருந்து இஞ்சின் சட்டத்தை முன்னால் இழுத்து, கட்டிலை உள்ளே தள்ளினார்கள். சொன்ன இடத்தில் அங்குலம் பிசகாமல் இறக்கினார்கள். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மேலிருந்து போல்ட் போடுவதற்காக என்னை உள்ளே ஏறச் சொன்னார்.

நான் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்ததால் பள்ளி நூலகத்தின் பெரிய அகராதி கையோடு இருந்தது. கார் தரையில் வைக்க மனம் வரவில்லை. தரை என்று சொல்லவும் முடியாது, பாதி ஓட்டை. அதனால் மடியில் வைத்துக்கொண்டு மூன்று போல்ட் போட்டேன். நான்காவதை எடுக்கும்போது சுவர் நகர்ந்தது. பிறகு கொய்யா மரம் நகர்ந்தது. கொடியில் காய்ந்த அப்பாவின் பனியன், தண்ணீர்த் தொட்டி, கை நிறையக் கறிவேப்பிலையோடு அம்மா, மறுபடியும் சுவர். கண்ணாடி இல்லாத முன் ஜன்னலில் எங்கள் முற்றம் முழுவதும் சத்தமில்லாமல் வரிசையாக வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது. நான் தலைசுற்றல் என்றுதான் முதலில் நினைத்தேன். அத்தை, உங்களுக்கே தெரியும், இந்த ஊரில் அம்மனைக் கரைப்பதற்கு முன் ஏழு தடவை சுற்றுவார்கள். கையில் கனம் இருந்தது, கீழே நான்கு பக்கமும் திரும்பும் சக்கரம் இருந்தது, அவர்கள் கைகள் தாமாகவே சுற்ற ஆரம்பித்துவிட்டன. ஒருவர் கழற்றி வைத்திருந்த உங்கள் பானெட்டின் மேல் தாளம் போட்டார். மாடியில் கீதாஞ்சலி மாஷி ஒரு கையில் போன், ஒரு கையில் சங்கு. மூன்றாவது சுற்று வரை அப்பா ஸ்பானரை ஆட்டிக்கொண்டு, "அரே உத்தம், என்ன பண்றீங்க?" என்று தமிழிலும் வங்காளத்திலும் கத்தினார். நான்காவது சுற்றில் பார்க்கிறேன், அவரும் ஸ்பானரோடு கை கூப்பி நிற்கிறார்.

ஏழு முடிந்ததும் கார் வாசல் வழியாக வெளியே போனது. யாரும் போகச் சொல்லவில்லை. ஏழாவது சுற்றுக்குப் பிறகு கால்கள் எங்கே போகுமோ அங்கே போயின. எங்கள் சந்து குளத்துப் பக்கம் சரிவு. முதலில் பன்னிரண்டு பேர் தள்ளினார்கள், பிறகு சக்கரங்களே பார்த்துக்கொண்டன, அவர்கள் கை மட்டும் வைத்துக்கொண்டு கூட ஓடிவந்தார்கள். "அடுத்த வருஷம் மறுபடியும்!" என்று, அம்மனை வழியனுப்பும்போது போடும் அதே வங்காளக் கோஷம். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு பாட்டி என் நெற்றியை நோக்கிக் குங்குமத்தை எறிந்தார். நான் பயந்திருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், கார் கொஞ்சம் பக்கவாட்டில், படகு மாதிரி போய்க்கொண்டிருந்தது, இரண்டு பக்கமும் ஈரச் சுவர்கள், மேலே ஒரு கீற்று வானம், மரக்கட்டைகளிலிருந்து அந்தப் பெயர் தெரியாத கடல் வாசனை. இந்தச் சந்து முடியவே வேண்டாம் என்று நினைத்தேன். பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "ஏன்னா! குழந்தை உள்ள இருக்கா! பிரேக் எங்க?" அதைவிடப் பின்னாலிருந்து அப்பாவின் குரல்: "பிரேக் வாங்கலடி!"

அப்போதுதான் குளத்தின் படித்துறை தெரிந்தது. தண்ணீரில் ஆகாயத்தாமரை பூத்திருந்தது. அங்கே வருஷா வருஷம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கை வைத்திருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் கையை எடுப்பார்கள். எடுத்தார்கள். நான் அகராதியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தரை ஓட்டை வழியாக முன் சக்கரத்துக்கு முன்னால் போட்டேன். கார் ஒரு தடவை குலுங்கி, முதல் படிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அகராதியில் இப்போது 'க'விலிருந்து 'த' வரை சக்கரத் தடம் இருக்கிறது. நூலகருக்கு இன்னும் சொல்லவில்லை.

உத்தம் காக்கு காரைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஏ மா! இது காராச்சே!" என்றார். அப்பா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கோபிக்கப் போகிறார் என்று எல்லோரும் நின்றார்கள். அப்பா குனிந்து சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாத்தியா மது, சத்தமே இல்லை" என்றார். அம்மா அவரோடு பேசி இரண்டு நாள் ஆகிறது.

அவர்களே மேட்டில் தள்ளிக் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது கார் முற்றத்தின் நடுவில், வெயிலில் நிற்கிறது, மூலையிலிருந்து பதினான்கு அடி தள்ளி. டேப் வைத்து அளந்தேன். அதைவிட முக்கியமானது ஒன்று. வெளிப்பக்கம் வெளுத்துச் சாம்பலாகிவிட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் தள்ளியவர்கள் கை பட்டுத் தூசி போன இடமெல்லாம் நீலம், அத்தை. நீங்கள் ஓட்டியபோது இருந்த அதே நீலமாம். அப்பா அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காபி குடிக்கிறார். வண்டி நகர்ந்துவிட்டது, உங்கள் நிபந்தனை நிறைவேறிவிட்டது. ஆகவே இரும்புக் கடைக்காரரை வரச் சொல்லாமல், சித்திரை வரைக்கும் அவகாசம் கொடுக்கும்படி மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அந்த வீடியோ நம் குடும்ப கௌரவத்துக்கு ஏற்றதல்ல, அழித்துவிடுங்கள்.

பெரியவர்கள் எல்லோருக்கும் எங்கள் வணக்கங்கள், செம்பருத்திக்கு என் அன்பு. உங்கள் ஆசீர்வாதம் எனக்கும் காருக்கும் சமமாக வேண்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படியும் மருமகள்
ஜ. மதுவந்தி, ஒன்பதாம் வகுப்பு

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உத்தம் காக்கு வந்தார். இந்த வருஷம் அம்மன் பெரியவளாம், சந்துக்குள் லாரி நுழையாதாம், மெயின் ரோட்டிலிருந்து பந்தலுக்கு எப்படிக் கொண்டுவருவது என்று கிளப்பில் யாருக்கும் தூக்கம் இல்லையாம். "ஜம்பு-தா, அந்தச் சக்கரம்..." என்று ஆரம்பித்தார். முடிப்பதற்குள் அப்பா சரி என்றுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்கு எப்படி இல்லை என்பது என்று என்னிடம் கேட்டார். ஆகவே இன்று மாலை காரை மறுபடியும் தூக்கி, முற்றத்தில் பந்தல் மூங்கில் அடுக்க வேண்டியிருப்பதால், கொய்யா மரத்தடியில் அதே மூலையில், அதே சுவரை ஒட்டி, செங்கல் மேல் வைத்துவிட்டார்கள். நான் அளந்தேன். ஓர் அடி அல்ல, ஓர் அங்குலம்கூட மாற்றம் இல்லை. தசமி சாயங்காலம் அம்மனைக் கரைத்த பிறகுதான் கட்டில் திரும்பி வரும். நீங்கள் காலையிலேயே வருகிறீர்கள்.

அதனால் அத்தை, வந்ததும் மூலைக்குப் போகாமல் முதலில் பந்தலுக்குப் போய் அம்மனின் காலுக்குக் கீழே பாருங்கள். இப்போது இரண்டு சக்கரத்தில் பிரேக் இருக்கிறது. அந்த வீடியோவை மட்டும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். வண்டி நகர்ந்ததற்கு வேறு சாட்சி இல்லை. நாற்பத்து மூன்றாவது நொடியில் நிறுத்திப் பாருங்கள், அந்த நீலம் தெரியும்.