பதினைந்துக்கு மேல் போகாத சைக்கிள்

திருவெறும்பூர்,
புதன்கிழமை காலை.

பிரியத்துக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அன்புச்செல்வன் அவர்களுக்கு,

உங்கள் அக்கா புருஷன் நல்லதம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் அக்கா மணிமேகலையும், மாடிப்படிக்குக் கீழே நிற்கும் என் சைக்கிளும் இன்றைய தேதி வரைக்கும் சௌக்கியம். புதுக்கோட்டையில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும், உங்கள் எலெக்ட்ரிகல் கடையும் அதேபோல இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதமா என்று சிரிக்க வேண்டாம். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தியே சர்வீஸை முடித்தவன் நான். போனில் ரகசியம் பேசினால் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். வாட்ஸ்அப்பில் போட்டால் உங்களுக்கு முன்னால் உங்கள் அக்கா படித்துவிடுவாள். அதனால்தான் கவர் வாங்கி, ஸ்டாம்ப் ஒட்டி, மாடியில் துணி காயப்போடுகிற இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை குட்டியானை வண்டியோடு வந்து என் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போவதாக உங்களுக்கும் உங்கள் அக்காவுக்கும் பேச்சு. வண்டி வேண்டாம் மாப்பிள்ளை. நீங்கள் வாங்க, கறிக்குழம்பு வைக்கச் சொல்கிறேன், சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் போங்க.

ரிட்டயர் ஆன பிறகு எனக்கு என்று மிஞ்சியது அந்த சைக்கிள் ஒன்றுதான். விடிவதற்குள் கிளம்பி, பால்பண்ணை, சத்திரம் பஸ் ஸ்டாண்ட், காவிரிப் பாலம் என்று மிதித்து, ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு வெளியே நின்றபடியே ஒரு கும்பிடு போட்டுத் திரும்பினால்தான் எனக்கு அன்றைக்குப் பொழுது விடிந்ததாகக் கணக்கு. பாலத்து மேலே அந்நேரத்துக்கு ஒரு காற்று வரும் பாருங்க, அதை வாங்காத நாளில் நான் வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுவேன். எல்லாரும் என்றால் உங்கள் அக்காதான், வேறு யார் இருக்கிறார்கள். போன மாதம் மாம்பழச்சாலை திருப்பத்தில் மணல் சறுக்கி விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து நான் திரும்பி வருகிற வரைக்கும் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வாசலிலேயே நிற்கிறாள். அது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

"வேகமாப் போனீங்க, விழுந்தீங்க" என்றாள். "மெதுவாத்தான்டி போனேன்" என்றேன். "மெதுவாப் போறவரு எப்படிங்க விழுவாரு?" என்றாள். அப்போது ஸ்பீக்கரில் இருந்த நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மாமா, சல்லிசா ஒரு சைக்கிள் மீட்டர் வாங்கி மாட்டுங்க. பதினஞ்சுக்கு மேல காட்டிச்சுன்னா வண்டி எங்க வீட்டுக்கு வந்துடணும். காட்டலைன்னா அக்கா இனி வாயே திறக்கக் கூடாது." தீர்ப்புச் சொல்கிறவர் வீட்டுக்கே பொருள் போய்ச் சேருகிற பஞ்சாயத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இருந்தாலும் ஒத்துக்கொண்டேன். என் வேகம் எனக்குத் தெரியாதா?

தென்னூரில் பாசில் என்று ஒரு தம்பி சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கிறார். அவரிடம் போய் ஒரு காலை முழுக்க உட்கார்ந்தேன். முதலில் ஜிபிஎஸ் வைத்த ஒன்றைக் காட்டி, "இது சேட்டிலைட்டோட பேசும் சார்" என்றார். நான் ஸ்ரீரங்கம் போகிற வழி எனக்குத் தெரியும், அதற்கு சேட்டிலைட்டைத் தொந்தரவு செய்வானேன், அதுவும் விலையைக் கேட்டால் இன்னொரு சைக்கிளே வாங்கலாம் போலிருந்தது. அடுத்து வயர் இல்லாதது. அதில் மீட்டரில் ஒரு பேட்டரி, சக்கரத்துப் பக்கம் ஒரு பேட்டரி, எது எப்போது கண்ணை மூடும் என்று இரண்டையும் காவல் காக்க வேண்டும். வயர் வைத்தது என்றால் ஒரே ஒரு பட்டன் பேட்டரி, மறந்தே போய்விடலாம். அதிலும் ரொம்ப சல்லிசான ஒன்றை எடுத்தேன். "இது அதிகபட்ச வேகத்தை ஞாபகம் வெச்சுக்காது சார்" என்றார் பாசில். ஞாபகம் வைத்துக்கொள்ளாத மீட்டர்தான் குடும்பத்துக்கு நல்லது என்று ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. ஆனால் பேச்சு பேச்சுதான், அதற்கு மேல் ஒரு படி உள்ளதைக் கேட்டேன். ராத்திரியில் எரிகிற விளக்கு அதில் இல்லை. பரவாயில்லை, இருட்டில் என் வேகத்தைப் பார்த்து நான் என்ன செய்யப் போகிறேன். "பிழை எவ்வளவு வரும்? சர்ட்டிபிகேட் உண்டா?" என்று கேட்டதற்கு, "சார், இது சைக்கிளுக்கு சார்" என்று கும்பிட்டார்.

மாட்டுவதுதான் பெரிய கதை. சக்கரத்துக் கம்பியில் ஒரு சின்னக் காந்தம், முன் ஃபோர்க்கில் ஒரு சென்சார். காந்தம் அதைக் கடக்கும்போதெல்லாம் ஒரு சுற்று என்று மீட்டர் எண்ணிக்கொள்ளும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று நாம் அளந்து சொல்ல வேண்டும். ஆள் உட்கார்ந்தால் டயர் அமுங்கும் அல்லவா, அதனால் உட்கார்ந்துதான் அளக்க வேண்டும். தெருவில் சாக்பீஸால் கோடு போட்டு, நான் சீட்டில் ஏறி உட்கார்ந்து, உங்கள் அக்கா பின்னால் பிடித்து உருட்டிக்கொண்டு வந்தாள். எதிர்வீட்டு ஜோதி பால் பாக்கெட்டோடு நின்று பார்த்துவிட்டு, "என்னக்கா, சார் இப்பத்தான் சைக்கிள் பழகுறாரா?" என்று கேட்டது. உங்கள் அக்கா சிரித்த சிரிப்பில் வண்டி ஆடி, மறுபடியும் முதலிலிருந்து அளந்தோம்.

நான் வேலை பார்த்தது பேலன்சிங் செக்‌ஷனில் என்று உங்களுக்குத் தெரியும். சுற்றுகிற பொருளில் ஒரு பக்கம் கனம் வைத்தால் நேர் எதிரே அதே கனம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உதறும். லாரி அளவு ஷாஃப்ட்டையே உதறாமல் ஓடவிட்டவன், என் சொந்தச் சக்கரத்தில் ஒரு பக்கம் மட்டும் காந்தத்தைத் தொங்கவிடுவேனா? பாசிலிடம் அதே மாதிரி இன்னொரு காந்தம் கேட்டேன். "ஒண்ணு போதும் சார்" என்றார். "எனக்குத் தெரியும் தம்பி, குடுங்க" என்று வாங்கி, கடைவீதி நகைக்கடையில் இரண்டையும் தராசில் போட்டு, சரியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு எதிரெதிராக மாட்டினேன். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் எண்ணெய் மாதிரி ஓடியது.

மறுநாள் ஓட்டினேன். ஸ்ரீரங்கம் போய் வந்து பார்த்தால் தூரம் அறுபது கிலோமீட்டர்! நான் முப்பது இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடடா, இத்தனை நாளும் நம்மை நாமே குறைத்து எடைபோட்டுவிட்டோமே என்று நெஞ்சு நிமிர்ந்து, மீட்டரைப் போட்டோ எடுத்து எங்கள் ரிட்டயர் ஆனவர்கள் குரூப்பில் போட்டேன். சங்கச் செயலாளர் முருகானந்தம் உடனே போன் செய்து, "தினம் அறுபதா! அண்ணே, ஆண்டு விழாவுல உங்களுக்குப் பொன்னாடை" என்றார். அதற்கப்புறம்தான் அதிகபட்ச வேகத்தைப் பார்த்தேன். இருபத்தெட்டு. தூரத்தில் எனக்குத் துளி சந்தேகமும் வரவில்லை மாப்பிள்ளை. வேகத்தில் மட்டும்தான் மீட்டர் அநியாயத்துக்குப் பொய் சொல்கிறது என்று தோன்றியது. அடுத்த நாள் மெதுவாக மிதித்தேன், இருபத்தைந்து. அதற்கு அடுத்த நாள் மிதிக்கிறேனா நிற்கிறேனா என்று எனக்கே தெரியாத அளவுக்கு ஊர்ந்தேன். பாலத்தில் கீரைக்கூடை சுமந்த ஒரு அம்மா என்னைத் தாண்டிப் போனது. மீட்டர் ஒன்பது என்கிறது. அப்படியானால் அந்த அம்மா பத்தில் நடக்கிறதா? உங்கள் அக்காவிடம் இதைச் சொன்னேன். "தூரம் சரின்னு ஊரெல்லாம் போட்டோ போட்டீங்கள்ல? ஒரே டப்பாதானே ரெண்டையும் காட்டுது? தூரம் சரின்னா வேகமும் சரிதான்" என்று உங்களுக்குப் போனைப் போட்டுவிட்டாள்.

நேற்று சாயங்காலம் அவள் கடைசியாக ஒரு முறை சைக்கிளைத் துடைத்து வைத்தாள். கொடுக்கப் போகிற பொருளைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டுமாம். துடைத்தவள், "காந்தம் ரெண்டு எதுக்குங்க?" என்று கேட்டாள். நான் பேலன்சிங்கைப் பற்றி நன்றாக விளக்கிக்கொண்டிருந்தேன். "காந்தம் சென்சாரைக் கடக்கும்போதெல்லாம் மீட்டர் ஒரு சுற்று சுத்தினதா நினைச்சுக்கும். ஆனா இங்க ஒரு சுத்துக்கு ரெண்டு காந்தம்..." என்று சொன்னவன் அப்படியே நின்றுவிட்டேன். "என்னங்க, பாதியில நிறுத்திட்டீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல, இருமல்" என்று மாடிக்கு வந்துவிட்டேன்.

இப்போது என் நிலைமை புரிகிறதா? உண்மையைச் சொன்னால் வேகம் பாதியாகும், சைக்கிள் தங்கும். ஆனால் தூரமும் பாதியாகும், பொன்னாடை போகும், முருகானந்தம் சங்கத்தில் வைத்துச் சிரிப்பார். ஆகவே நீங்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். எலெக்ட்ரிகல் கடைக்காரர் சொன்னால் உங்கள் அக்கா நம்புவாள். இந்த மாதிரி சல்லிசு மீட்டர்கள் வேகத்தை மட்டும் இரண்டு மடங்காகக் காட்டும், தூரத்தை மட்டும் கச்சிதமாகக் காட்டும் என்று அவளிடம் சொல்லிவிடுங்க. ஏன் என்று கேட்டால் கரண்ட் விஷயம் என்று சொல்லுங்க. நான் பதினைந்தைத் தாண்டாதவன். என் சர்வீஸ் மேல் சத்தியம்.

தபால் கட்டுகிற நேரம் நெருங்கிவிட்டது. ஒரே மிதியில் போஸ்ட் ஆபீஸ் போகிறேன். உங்கள் வீட்டு விளக்கும் கடை விளக்கும் பியூஸ் போகாமல் எரிய வேண்டும், பிள்ளைகள் நன்றாகப் படித்து உங்களைவிட நியாயமான பஞ்சாயத்துப் பண்ணுகிறவர்களாக வர வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

உங்கள் மாமா,
நல்லதம்பி.

பின்குறிப்பு: போஸ்ட் ஆபீஸில் நின்றபடியே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கவும். தபால் தவறிவிடக் கூடாதே என்று கொஞ்சம் அழுத்தி மிதித்தேன். இறங்கிப் பார்த்தால் அதிகபட்சம் பத்தொன்பது என்றிருந்தது. பழைய இருபத்தெட்டைக் காணோம், தூரமும் அழிந்து புதிதாக ஓடியிருந்தது. குலுக்கலில் அழிந்திருக்கும், போகட்டும், பத்தொன்பதில் பாதி ஒன்பதரைதானே, எவ்வளவு அடக்கமான ஆள் நான் என்று நினைத்துக் கவரை ஒட்டப் போகும்போது உங்கள் அக்கா போன் செய்தாள். "போஸ்ட் ஆபீஸ்லயா இருக்கீங்க? தம்பிக்குத்தானே கடுதாசி? வேண்டாங்க. நீங்க பாதியில நிறுத்தினப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு. ஞாயித்துக்கிழமை வண்டி வேண்டாம்னு ராத்திரியே அவன்கிட்ட சொல்லிட்டேன். காலையில ஒரு காந்தத்தைக் கழட்டிட்டு, பாசில் தம்பிகிட்ட போன்ல கேட்டு மீட்டரையும் அழிச்சு வெச்சிருக்கேன். இனி நிஜத்தைத்தான் காட்டும். நான் தேவையில்லாம பயந்துட்டேங்க. நீங்க மெதுவாவே வாங்க, காபி குடிக்காம இருக்கேன்" என்றாள்.

அப்படியானால் அந்தப் பத்தொன்பது நிஜப் பத்தொன்பது மாப்பிள்ளை. இந்த வயதில்! யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது, சொல்லத்தான் முடியாது. அதனால்தான் ஸ்டாம்ப் வீணாகாமல் உங்களுக்கு மட்டும் இதை அனுப்புகிறேன், படித்ததும் கிழித்துவிடுங்க. மீட்டரை மறுபடி அழித்தாயிற்று. அவள் வாசலில் நின்று முதலில் அதைத்தான் பார்ப்பாள் என்பதால், வீடு வரைக்கும் வண்டியை உருட்டிக்கொண்டே போகிறேன்.