பாட்டில் இடம் கிடைக்காத அப்பா

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உனக்கும் அத்தானுக்கும் உடம்பு சுகமாக இருக்க வேண்டும். இங்கே என் இடுப்பைத் தவிர எல்லோரும் நலம். இடுப்பு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

என் மகள் நாட்டுப்புற மெட்டில் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுவதும் ஊரே அதை முணுமுணுப்பதும் உனக்குத் தெரியும். நான் பிடில், அவள் அம்மா ஆர்மோனியம், சித்தப்பா புல்லாங்குழல் என்று அறைக்கு ஒருவராகச் சாதகம் செய்த வீட்டில் வளர்ந்தவள் வேறு என்ன செய்வாள்? ஆனால் பாடுவது முழுக்க வீட்டுச் சமாசாரம். அம்மா கோபத்தில் குக்கர் மூடியை ஜன்னல் வழியே எறிந்தது ஒரு பாட்டு. சித்தப்பா தலைக்குச் சாயம் பூசிக் காது கறுத்தது ஒரு பாட்டு. பக்கத்து வீட்டுப் பூனைக்குக்கூட இரண்டு சரணம். எனக்கு ஒரு வரி கிடையாது. பெற்ற அப்பன் பூனைக்கும் கீழா, அக்கா? சொல்ல வெட்கம்தான், ஆனால் மனசு ரொம்ப வலிக்கிறது.

வாய் திறந்து கேட்கத் தன்மானம் விடவில்லை. பாட்டுக்கு லாயக்காக ஏதாவது செய்துகாட்டலாம் என்று அவள் கண்ணெதிரே ஏணியில் ஏறித் தடுமாறுவதுபோல் நடித்தேன், ஏணி அதை நிஜமென்று நம்பிவிட்டது, இடுப்பு போனது அப்படித்தான். அவள் தைலம் தேய்த்தாளே தவிரப் பாடவில்லை. சரியென்று குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டு, மாட்டிக்கொண்டதாகக் கத்தினேன். தாழ்ப்பாள் நிஜமாகவே மாட்டிக்கொண்டது, தச்சர் வந்து கதவை அறுத்தார், அடுத்த வாரமே தச்சர் மேல் பாட்டு வந்துவிட்டது. அதற்குப் பிடில் வாசித்தது நான், என் தலையெழுத்து. நேற்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"உன்னப் பத்தி எழுத இன்னும் வரலப்பா" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் என்ன அவ்வளவு பெரிய கம்பசூத்திரமா?

சனிக்கிழமை அவள் கச்சேரி. நான் வாசிக்கப் போவதில்லை. நீயும் வராதே. அவளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை நறுக்கென்று கேள்.

அத்தானுக்கு என் வணக்கம். மூட்டுவலி தீர்ந்து நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் தம்பி

பின்குறிப்பு: சனிக்கிழமை அவசியம் வா. இப்போதுதான் கதவோரம் நின்று கேட்டேன், என் மேல் பாட்டுக் கட்டிவிட்டாள். சின்ன வயதில் அவள் முதல்முதலாகப் பாடியபோது, சுருதி சேரவில்லை என்று அம்மாவும் சித்தப்பாவும் அதட்ட, அப்பா மட்டும் தன் பிடில் தந்தியின் சுருதியை இறக்கி அவள் குரலோடு சேர்ந்து வாசித்தாராம். அழுதுவிட்டேன், அக்கா. அன்றைக்குப் பிடிலில் தந்தியை முறுக்கிவைக்கும் பிருடை வழுக்கித் தந்தி தானாகத்தான் இறங்கியது. அதை அவளிடம் சொல்லிவிடாதே.